ஒரு பாயிண்டுக்காக மாலத்தீவு

இதைப் படித்துத் திருத்தப் போகிறவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கோடு போட்ட நோட்டில் எழுதினாலும் என் எழுத்து கோட்டில் உட்காருவதில்லை. எந்த இடத்தில் எந்த ‘ன’ வரும் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் சின்ன ‘ன’ போட்டிருக்கிறேன். நூலகத்துப் பத்திரிகைக்காரர்கள் சரிசெய்து அச்சடிப்பதாகச் சொன்ன தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். வெளிநாடு போய் வந்ததை மேடையில் சொல்லுங்கள் என்றுதான் முதலில் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பெல்ட்டில் நிலக்கரி ஓடும்போது ஓரத்தில் சிந்தும். சிந்தியதை வாரி மறுபடியும் பெல்ட்டில் போடுவது என் வேலை. எங்கள் பக்கத்தில் மனிதர்கள் இரண்டே வகை, பர்மனென்ட், கான்ட்ராக்ட். நல்லவன், கெட்டவன், படித்தவன், படிக்காதவன் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடும் குரலை வைத்தே யார் எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

கம்மாபுரத்தில் இருக்கும் என் தங்கை வளர்மதிக்கு ஒரே மகள், சுகன்யா. கல்லூரியில் வாலிபால் ஆடினாள். ஒரு பயிற்சியாளர் மூலமாக மாலத்தீவின் முதல் பிரிவுப் பெண்கள் லீக்கில் ஒரு சீசன் ஆடப் போனாள். அவள் அங்கே இருக்கும்போதே சென்னையில் ஓர் அலுவலகம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன், பிள்ளைக்குக் கெடுதல் வரும். பர்மனென்ட் வேலை. வயது வரம்புப்படி சுகன்யாவுக்கு இதுதான் கடைசி வருஷம். ஏதாவது ஒரு நாட்டின் முதல் பிரிவு லீக்கில் முழு சீசன் ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. விண்ணப்பத்தில் அதற்கு அடுத்த கட்டத்தில் ‘அந்தச் சீசனில் எடுத்த புள்ளிகள்’ என்று கேட்டிருந்தார்கள்.

மந்தாரக்குப்பம் இன்டர்நெட் கடையில் சுகன்யாவின் கிளப் அனுப்பிய தாளைப் பார்த்து, அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டார்கள். சிவப்பு எழுத்து வந்தது. இரண்டு பூஜ்யம் போட்டார்கள். அதற்கும் சிவப்பு. காலியாக விட்டாலும் சிவப்புதான். கடைக்காரப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: “ஒண்ணாச்சும் இருக்கணுங்க. ஒண்ணுக்குக் கொறஞ்சா சிஸ்டம் எடுக்காது.”

தாளில் மற்ற பெண்களின் பெயருக்கு நேரே பெரிய பெரிய எண்கள் இருந்தன. எங்கள் பிள்ளைக்கு மட்டும் முட்டை. வளர்மதி போன் போட்டுக் கேட்டதற்கு, “நான் லிபரோம்மா, பின்னாடி நின்னு பந்து எடுக்கறவ. லிபரோ அடிக்கக் கூடாது. அடிச்சா ஃபவுல்” என்று சொல்லிச் சுகன்யா வைத்துவிட்டாள். வளர்மதி நம்பவில்லை. நானும் நம்பவில்லை. எங்கள் ஊர்ப் பந்தயங்களில் ஆறு பேர் நின்றால் ஆறு பேரும் அடிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து ஆளை வரவழைத்து, அடிக்காதே என்று சொல்லி நிற்க வைப்பார்களா? நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று வளர்மதி முடிவு செய்தாள்.

“நீ போண்ணா. தாய்மாமன் நீ. கோச்சு கையக் கால புடிச்சி ஒரு பாயிண்டு வாங்கிகினு வா. ஒண்ணே ஒண்ணு போதும்.”

சொந்தத்தில் என் ஒருவனிடம்தான் பாஸ்போர்ட் இருந்தது. துபாய் போவதற்காக எடுத்தது, துபாய்தான் போகவில்லை. டிக்கெட் எடுத்த கதை வேண்டாம், அது இதைவிட நீளம்.

முதல் நாள். விமானத்தில் எனக்கு ஜன்னல் இல்லை. எட்டிப் பார்க்கட்டுமா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கடல் வந்துவிட்டது என்பதை அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அங்கே விமான நிலையமே ஒரு தனித் தீவு, தலைநகர் மாலே இன்னொரு தீவு. ‘வெளிய வந்தா எதிர்லயே படகு. மாலேன்னு கேட்டு ஏறு, பத்து நிமிஷம்’ என்று சுகன்யா சொல்லியிருந்தாள். எனக்கு அந்தக் ‘கேட்டு’தான் வராது. படகுத்துறையில் ஆரஞ்சுச் சட்டையும் ஹெல்மெட்டுமாக, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். என் மனம் லேசாயிற்று. இருபது வருஷமாக இந்த மாதிரி வரிசையின் கடைசியில் போய் நிற்கிறவன் நான். எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அது போகிற இடத்துக்குத்தான் நானும் போவேன். அதே நம்பிக்கையில் நின்றேன், ஏறினேன். ஒருவர் நகர்ந்து இடம்கூடக் கொடுத்தார்.

பத்து நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆயிற்று. படகு நின்ற இடத்தில் ஊர் இல்லை. கடலில் மணலைக் கொட்டிப் புதுத் தீவு செய்துகொண்டிருந்தார்கள். மேஸ்திரி தலைகளை எண்ணிக்கொண்டு வந்து என்னிடம் நின்றார். அவருக்கு ஒரு தலை கூடுதல். ஏதோ கேட்டார். நான் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அவர் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டேன்.

அதே படகிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் என் துணிப்பையில் இருந்த தமிழைப் படித்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“சேத்தியாத்தோப்பு ஜவுளிக்கடையா? என்ன அண்ணாச்சி, வேலைக்கு வந்தியளா?”

“இல்லீங்க. தங்கச்சி மவள பாக்க வந்தன்.”

“அப்ப ஏன் கையில மம்பட்டி?”

“குடுத்தாருங்க.”

அவர் பெயர் செபஸ்தியான். தூத்துக்குடிக்காரர். மாலேயில் குடியிருந்துகொண்டு, தொழிலாளர் சமையலுக்குச் சாமான் கொண்டுபோகிறவர். மண்வெட்டியை வாங்கித் திருப்பிக் கொடுத்து, மேஸ்திரியிடம் என்னமோ சொல்லி, திரும்புகிற படகில் என்னை உட்கார வைத்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “ஆளு கொஞ்சம் வெள்ளந்தி, விட்ருங்கன்னேன்” என்றார். அவர் அறையிலேயே அந்த ஐந்து நாளும் தங்கினேன். புதுத் தீவைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஊரில் தரையை வெட்டிப் பள்ளம் ஆக்குகிறோம். இங்கே பள்ளத்தில் கொட்டித் தரை ஆக்குகிறார்கள். இரண்டுக்கும் ஒரே ஆரஞ்சுச் சட்டை.

இரண்டாம் நாள் காலையில் ஊரைப் பார்த்தேன். பார்த்து முடித்தும்விட்டேன், அவ்வளவுதான் ஊர். எங்கள் டவுன்ஷிப்பில் சாலை அகலம், போகிற ஆள் குறைவு. இங்கே சாலை ஒரு முழம். அதில் மோட்டார் சைக்கிள்கள் பெல்ட்டில் வருகிற கரி மாதிரி விடாமல் வருகின்றன. நாய் ஒன்றுகூட இல்லை. வளர்க்க அனுமதி கிடையாதாம். முதலில் நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில், இவ்வளவு தூரம் வந்தும் குரைக்க ஓர் ஆள் இல்லையே என்று இருந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் தேங்காய்த் துருவலோடு பிசைந்த சூரை மீனும் ரொட்டியும். பத்து மணிக்குச் சூரை மீன் வைத்துப் பொரித்த உருண்டை. மத்தியானம் சூரை மீன் வேகவைத்த தண்ணீரும் சோறும். அந்தத் தண்ணீரில் புளி இல்லை, மஞ்சள் இல்லை. மீனைக் குளிப்பாட்டிவிட்டு ஊற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு ஒரு வாய் வைத்த பிறகு மூன்று முறை வாங்கி ஊற்றிக்கொண்டேன். “இங்க மீனு போடாத பலகாரம் பச்சத் தண்ணி மட்டுந்தான் அண்ணாச்சி” என்றார் செபஸ்தியான்.

லீக்கைப் பற்றி விளக்கியதும் அவர்தான். ஆட்டம் ஒன்றுவிடாமல் போகிறவர். முதல் பிரிவில் இருக்கிற குழுக்கள் ஒன்றோடொன்று இரண்டு முறை ஆட வேண்டும், ஒன்று சொந்த ஆட்டம், ஒன்று வெளியூர் ஆட்டம். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அரங்கம். வெளியூர்க் குழு பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வரும். உள்ளூர்க் குழு அதற்கும் அடுத்த தெரு. பட்டியலில் கடைசியாக வருகிற குழுவை இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிடுவார்களாம். ஒழுங்காக ஆடவில்லை என்பதற்காக ஒருவரைக் கீழே இறக்குவார்கள் என்று கேட்டதும் எனக்கு ஆச்சரியம். நான் அறிந்த வரையில், மேலே போனவர்கள் ஓய்வு பெற்றுத்தான் இறங்குவார்கள். முதல் நாலு குழுவுக்கு அரையிறுதி. சுகன்யாவின் குழு மூன்றாவதாக வந்திருந்தது.

சாயங்காலம் பயிற்சியில் அவளைப் பார்த்தேன். முட்டி இரண்டிலும் கறுப்பு உறை. முழங்கையில் தோல் உரிந்து ஆறி மறுபடி உரிந்திருந்தது.

“ஏன் மாமா வந்த? அம்மா அனுப்புச்சா?”

“சும்மா, பாத்துட்டுப் போலாம்னு.”

“பாயிண்டு கேக்கத்தான வந்த?”

நான் கூரையைப் பார்த்தேன். நல்ல உயரமான கூரை.

“கோச்சுகிட்ட போயி எதுனா கேட்ட, அப்புறம் உங்கிட்ட பேசவே மாட்டன்.”

வளர்மதி அன்றைக்கே கூப்பிட்டாள். “கேட்டியாண்ணா?”

“இன்னும் கேக்கல.”

“போன வேலய வுட்டுட்டு மீன் துன்னுகினு குந்திகினு இருக்கியா?”

மூன்றாம் நாள் அரையிறுதி. மேளம், கொடி, தொண்டை கிழியக் கத்தல். எனக்கு அரங்கின் ஒரு மூலையில், ஆடுகளத்தின் பின்கோட்டுக்கு நேரே இடம். குழுவில் எல்லோருக்கும் நீலச் சட்டை, சுகன்யாவுக்கு மட்டும் மஞ்சள். நீலம் தீர்ந்துபோய்க் கான்ட்ராக்ட் ஆளுக்கு மிச்சத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். லிபரோ என்று தெரிவதற்காகவே வேறு நிறமாம். எங்கள் ஊரிலும் அந்த ஏற்பாடு உண்டு, ஹெல்மெட்டின் நிறத்தில்.

நடுவில் ஒரு குழு இடைவேளை கேட்டது. சங்கு ஊதினார்கள். நான் எழுந்து பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டேன். செபஸ்தியான் வந்து கையைப் பிடித்தார். “ஷிப்டு முடியல அண்ணாச்சி.”

திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் ஓங்கி அடித்த பந்து தரையைத் தொடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது மஞ்சள் சட்டை அதற்கும் தரைக்கும் நடுவில் இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். லிஃப்டர் தூக்கினாள். நீலச் சட்டைக்காரி ஒருத்தி எழும்பி அடித்தாள். அரங்கம் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது. பலகையில் எண் ஏறியது. சுகன்யா அதற்குள் எழுந்து முழங்காலைத் துடைத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போயிருந்தாள். மறுபடியும் அப்படி. மறுபடியும். அவள் எடுத்ததை நான் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். இரண்டாவது செட்டிலேயே விரல் போதவில்லை.

பெல்ட் ஓரத்தில் நான் இருபது வருஷம் வாரிப் போட்டதும் மின்சாரமாகி எங்கேயோ எரிந்திருக்கும். வெட்டுகிற இயந்திரத்துக்குக் கணக்கு உண்டு, கொண்டுபோகிற பெல்ட்டுக்கும் உண்டு, வாரிப் போடுகிறதற்கு மட்டும் கிடையாது. இதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை, அன்றைக்கு அந்த மூலையில் உட்கார்ந்தபோதுதான் நினைத்தேன். அரையிறுதியில் ஜெயித்தோம். தாளில் சுகன்யாவுக்குப் பூஜ்யம்.

நான்காம் நாள் ஆட்டம் இல்லை. சுகன்யா குழுவின் பயிற்சியாளர் அம்மாளைப் பார்க்கப் போனேன். கிளப் வாசல் வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன், இரண்டு முறையும் எதிர்க்கடையில் டீ குடித்தேன். மூன்றாவது முறை டீக்கடைக்காரரே ஒரு விரலைக் காட்டிச் சிரித்தார். அந்த வெட்கத்தில் கிளப்புக்குள் போய்விட்டேன். செபஸ்தியான் மொழிபெயர்த்தார்.

பயிற்சியாளர் அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். பாக்கைச் சீவி வாயில் போட்டுக்கொண்டே கேட்டார். நான் சொன்னது இவ்வளவுதான்: பிள்ளைக்கு ஊரில் ஒரு வேலை இருக்கிறது. அதற்கு ஒரு பாயிண்ட் வேண்டும். நாளைக்கு ஒரே ஒரு தடவை அவளை அடிக்க விடுங்கள்.

அவர் சொன்னதைச் செபஸ்தியான் இப்படிச் சொன்னார்: “அடிக்க விட்டா நடுவர் விசில் ஊதி எதிராளிக்குப் பாயிண்டு குடுத்துருவாரு. சட்டம் அப்படி. அப்புறம் சொல்லுதாவ, எங்கிட்ட அடிக்கிற பிள்ளைய ரெண்டு பேரு இருக்காளுவ. யாருக்குப் பாயிண்டு சாஸ்தின்னு சண்ட போட்டு, ஒருத்திக்கொருத்தி பேச்சு இல்ல. ஒங்க பிள்ள ஒருத்திதான் சண்ட இல்லாம வேல பாக்கா. அவளையும் கெடுக்கணுமான்னு கேக்காவ.”

நான் கும்பிட்டேன். எழுந்தபோது அந்த அம்மாள் ஒரு துண்டு பாக்கை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். மாலத்தீவில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டேன்.

விஷயம் சுகன்யாவுக்கு எட்டிவிட்டது. சாயங்காலம் என்னைத் தேடி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள்.

“எனக்கும் வேல வேணும் மாமா. வேணான்னு சொல்லல. ஆனா நீ பிச்ச மாதிரி கேக்கக் கூடாது.”

“தெரியாம கேட்டுட்டன் பாப்பா.”

“எப்புடி மாமா உள்ள போன?”

“ரெண்டு டீ குடிச்சன்.”

அப்போதுதான் சிரித்தாள்.

ஐந்தாம் நாள் இறுதி ஆட்டம். நாலு செட்டில் ஆளுக்கு இரண்டு. மூன்றாவது செட்டின் நடுவில்தான் அது நடந்தது. எதிர்க்குழுவில் ஓர் உயரமான பெண், கையை வீசினால் காற்று என் மூலை வரை வரும். அவள் அடித்த அடி நேராகச் சுகன்யாவின் மணிக்கட்டில் விழுந்தது. லிஃப்டருக்குப் போக வேண்டிய பந்து, வந்த வேகத்தில் எகிறி, வலைக்கு மேலே போய், எதிர்ப்பக்கத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்கோட்டில் என் காலுக்கு நேரே விழுந்தது. கோட்டு நடுவர் கொடியைக் கீழே காட்டினார். உள்ளே.

எதிர்ப்பக்கத்தில் ஒருவர் கையும் படவில்லை. கடைசியாகத் தொட்டது சுகன்யா.

நான் கத்தினேனாம். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. “‘பாப்பா பாயிண்டு, பாப்பா பாயிண்டு’ன்னு ஊரே கேக்கக் கத்துனிய” என்று செபஸ்தியான் பிறகு சொன்னார். அரங்கத்தில் சிரித்தார்கள். சுகன்யாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

செட் முடிந்ததும் கணினி வைத்துக் கணக்கெடுக்கும் பெண்ணிடம் நானாகவே போனேன். மொழிபெயர்க்க ஆள் இல்லை. சுகன்யாவின் சட்டை எண்ணைக் காற்றில் எழுதிக் காட்டினேன், பிறகு ஒரு விரலைக் காட்டினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ பேசினாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். சுகன்யா பெயருக்கு நேரே ஒன்று.

ஐந்தாவது செட்டில் தோற்றோம். இரண்டே புள்ளி வித்தியாசம். நீலச் சட்டைகள் எல்லாம் தரையில் உட்கார்ந்து அழுதன. பேச்சு இல்லாத அந்த இரண்டு அடிக்காரப் பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். மஞ்சள் சட்டையும் அழுதது. முழு அரங்கத்திலும் சந்தோஷமாக இருந்த ஒரே நீலக் கட்சிக்காரன் நான்தான். அதை மறைப்பதற்காகக் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர், நானும் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

வளர்மதிக்குப் போன் போட்டேன்.

“தோத்துட்டாங்கம்மா.”

“தோத்தா தோத்துட்டுப் போறாங்க. ஒண்ணு வந்துச்சா?”

“வந்துச்சி.”

“எங்க மாரியாத்தா கண்ணத் தெறந்துட்டா.”

பயணம் இத்தோடு முடிந்தது என்றுதான் திரும்பி வந்தேன். விண்ணப்பத்தில் ஒன்று என்று போட்டதும் சிவப்பு எழுத்து போயிற்று. அடுத்த மாசம் சான்றிதழ் சரிபார்க்கச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நான் போனேன். மாலத்தீவைவிடச் சென்னைதான் எனக்கு வெளிநாடு.

சரிபார்த்த அதிகாரி பழைய ஆட்டக்காரர். எழுந்து நிற்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். சான்றிதழை இரண்டு முறை படித்தார்.

“பொசிஷன் லிபரோன்னு இருக்கு. புள்ளி ஒண்ணுன்னு இருக்கு. லிபரோவுக்கு ஏதும்மா புள்ளி? நான் யுனிவர்சிட்டி ஆடினவன். யார்கிட்ட காட்டுறீங்க இத?”

சுகன்யா விளக்கினாள். அவர் நம்பவில்லை. பொய்ச் சான்றிதழ் என்று எழுதிவிட்டால் இனி எந்த வேலைக்கும் போட முடியாது என்றார். அந்த வார்த்தை கேட்டதும் என் கை தானாக அவர் மேசைக்குப் போனது. அளவுகோலை நடுவில் வைத்தேன், வலை. ஸ்டேப்ளர், அந்த உயரமான பெண். மை டப்பா, சுகன்யா. பசை பாட்டிலும் பேனாக்களும் மற்றவர்கள். பந்துக்கு ஒரு கோலிக்குண்டு மாதிரி ஏதாவது தேடினேன். அவரே சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

மாத்திரையை நகர்த்திக் காட்டினேன். பக்கத்து மேசைக்காரர்கள் வந்து நின்றார்கள்.

“இரு இரு. பந்து எங்க விழுந்துச்சு? உள்ளயா, வெளியவா?” என்றார் அதிகாரி.

“கோட்டு மேலங்க. பாதி உள்ள, பாதி வெளிய. என் காலுக்கு நேரா விழுந்துச்சி.”

“கோட்டுல பட்டா உள்ளதான்” என்று நாலு பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

அதிகாரி மாத்திரையை எடுத்து விழுங்கினார். “சரி, நான் நம்பறேன். கம்ப்யூட்டர் நம்பணுமே.” கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். லிபரோ என்று அழுத்தினால் புள்ளிக் கட்டம் மூடிக்கொண்டது. கட்டம் மூடியிருந்தால் அடுத்த பக்கம் போகவில்லை. புள்ளி ஒன்று என்று போட்டால் அட்டாக்கர், பிளாக்கர், லிஃப்டர் மூன்றுதான் வந்தன.

“ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா. லிபரோன்னா புள்ளி இல்ல, வேலையும் இல்ல. அட்டாக்கர்னா லிஸ்ட்ல பேரு வரும்.”

இந்த ஒன்றுக்காகத்தான் கடல் தாண்டிப் போனேன். ஆனாலும் அந்த நிமிஷத்தில், லிபரோன்னே போடுங்க சார் என்று எனக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவள் வேலை, அவள் வாழ்க்கை. அதோடு என் சுபாவமும் அதுதான்.

சுகன்யா கேட்டாள்: “அட்டாக்கர்னு சேந்தா உங்க டீம்ல எங்க சார் நிக்கணும்?”

“முன்னாடி. நெட்டுகிட்ட. அடிக்கணும்.”

“ஆர்டர் வர எவ்ளோ நாளாவும்?”

“ரெண்டு மூணு மாசம்.”

“அதுக்குள்ள கத்துக்கறேன். அட்டாக்கர்னே போடுங்க.”

அதிகாரி அவளுடைய உயரத்தைப் பார்த்தார். அட்டாக்கரை அழுத்தினார். பஸ்ஸில் ஏறியதும் சுகன்யா என்னிடம் சொன்னது ஒரே வார்த்தை: “வூட்டுக்குப் போனதும் நெட்டக் கட்டு மாமா.”

கம்மாபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் காலி இடத்தில் கட்டினேன். முதல் ஷிப்டு முடித்துவிட்டுத் தினமும் போகிறேன். நான் பந்தைத் தூக்கிக் கொடுப்பேன், அவள் எழும்பி அடிப்பாள். முதல் மாசம் முழுக்க வலைதான் அடி வாங்கியது. ஆர்டர் போன வாரம் வந்தது. பர்மனென்ட். பெயருக்குக் கீழே அட்டாக்கர் என்று அச்சில் இருக்கிறது. வளர்மதி தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். அட்டாக்கர் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு, டீமிலேயே பெரிய போஸ்டு என்று சொல்லியிருக்கிறாள்.

இன்று சாயங்காலம் அவள் அடித்த ஒன்று வலையைத் தாண்டியது. சுத்தமான அடி. எல்லையையும் தாண்டி, வாய்க்காலையும் தாண்டி, முள்ளுக்காட்டில் விழுந்தது. ஓடிப்போய் எடுப்பாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“போ மாமா, எடுத்துகினு வா. அட்டாக்கரு பந்து பொறுக்க மாட்டா.”

முள்ளுக்குள் போய் எடுத்து வந்து, கை கழுவி, இதை எழுதி முடித்தேன்.

ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை.